கத்துகிறவருக்குப் பதில் வேண்டாம், இன்புட்டைக் கேளுங்கள்

ஹாம்கள் என்னும் அமெச்சூர் வானொலிக்காரர்களின் மாலை நெட், அதாவது குறித்த நேரத்தில் எல்லோரும் கூடும் வானொலிச் சந்திப்பு, நடந்துகொண்டிருக்கும். ஒவ்வொருவராக அழைப்புக்குறியைச் சொல்லி வருகை தருவார்கள். நடுவில் யாரோ பிடிடியை (பேசுவதற்கு அழுத்தும் பொத்தானை) அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்பார். சில நாள் பாட்டு வரும், சில நாள் வசவு வரும், சில நாள் முந்தின இரவு பேசியவரின் குரலையே பதிவு செய்து திருப்பி ஒலிக்கவிடுவார். நெட்டை நடத்துபவர் பொறுமையிழந்து உரிமம், சட்டம், அபராதம் என்று இரண்டு நிமிடம் பேசுவார். இன்னொருவர் குறுக்கிட்டு, "கண்டுக்காதீங்க, தானாப் போயிடுவான்" என்பார். நம் சிக்னலை வாங்கி உயரத்திலிருந்து மறுபடி ஒலிபரப்பும் நிலையம்தான் ரிப்பீட்டர்; எந்த நாட்டு ரிப்பீட்டரானாலும் இந்தக் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான்.

இரண்டாமவர் சொல்வதுதான் சரி என்று ஹாம்கள் எல்லோரும் கற்றிருக்கிறோம். நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த அறிவுரை பாதியில் நின்றுவிடுகிறது என்பது எனக்கு வெகுநாளாக உறுத்தல். பேசாமல் இருப்பது எதற்காக? தொல்லை கொடுப்பவருக்கு ரசிகர் கூட்டம் கிடைக்கக் கூடாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அவர் பிடிடியை அழுத்தியிருக்கும் அந்தப் பதினைந்து விநாடிதான் அவரை அளப்பதற்கு நமக்குக் கிடைக்கும் நேரம். எஃப்எம்மில் வலுவான சிக்னல் பலவீனமானதை அமுக்கிவிடும். அந்த நேரம் பார்த்து நீங்கள் அறிவுரை சொல்லத் தொடங்கினால், உங்கள் சிக்னல் அவருடையதை மூடிவிடும். ஆன்டெனாவைக் கையில் பிடித்தபடி ஏதோ ஒரு மொட்டைமாடியில் நிற்பவருக்கு உங்கள் வீட்டுத் திசைதான் கிடைக்கும். திட்டுகிறவர் தன்னையறியாமல் தொல்லைக்காரருக்குத் திரை கட்டித் தருகிறார்.

பத்துப் பேர் பேசாமல் இருந்து, பத்துப் பேரும் எதையும் குறித்துக்கொள்ளாமல் ரேடியோவை அணைத்துவிட்டுத் தூங்கப் போனால் அந்த மௌனத்தால் ஒரு பயனும் இல்லை. விதியை நடைமுறைப்படுத்துவது ஏதோ அரசு அலுவலகத்தின் வேலை என்று விட்டுவிடுகிறோம். அந்த அலுவலகத்திடம் போய்ச் சேரவேண்டிய சரக்கு நம் காதுகளில்தான் இருக்கிறது.

முதலில், இது தொல்லைதானா?

புகார் எழுதும் அவசரத்தில் பலரும் தாண்டிப்போகும் கேள்வி இது. சர்வதேச வானொலி ஒழுங்குமுறைகளின் 15ஆம் பிரிவு தேவையற்ற ஒலிபரப்பு, பொய்யான அல்லது திசைதிருப்பும் சிக்னல், அடையாளம் சொல்லாத ஒலிபரப்பு ஆகியவற்றை எல்லா நிலையங்களுக்கும் தடை செய்கிறது. அமெரிக்காவில் வானொலியை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான எஃப்சிசியின் விதிகளில் 97.101(டி), வேண்டுமென்றோ தீய நோக்கத்தோடோ எந்த வானொலித் தொடர்புக்கும் எந்த அமெச்சூரும் இடையூறு செய்யக் கூடாது என்கிறது. வழக்கு முழுதும் அந்த "வேண்டுமென்றே" என்ற சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இடையூறு நடந்தது என்று காட்டுவது எளிது. அது தெரிந்தே செய்யப்பட்டது என்று காட்டுவதுதான் உழைப்பு.

ஏனென்றால் நம் அலைவரிசைகளில் கேட்கும் குழப்பத்தில் பெரும்பகுதிக்குத் தீய நோக்கம் கிடையாது. நிமிடக்கணக்கில் மாறாத கேரியர் (ஒலியைச் சுமக்கும் அடிப்படை அலை), பின்னணியில் எஞ்சின் உறுமல், நடுவே யாரோ யாரிடமோ வழி கேட்பது: இது கார் இருக்கையின் இடுக்கில் சிக்கிய மைக். 14 மெகாஹெர்ட்ஸில் உங்கள் உரையாடலின் மேல் ஒருவர் சிக்யூ என்று பொது அழைப்பு விடுக்கிறார்: உங்களுடைய தரையலை சில பத்து கிலோமீட்டரோடு தேய்ந்துவிடுகிறது, வான் வழியாகப் போனது அவர் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடுகிறது. அவர் "அலைவரிசை காலியா?" என்று மும்முறை கேட்டிருந்தாலும் நீங்கள் சொன்ன பதில் அவருக்குக் கேட்டிராது. பக்கத்து அலைவரிசையிலிருந்து கரகரப்புத் தெறிக்கிறது: யாரோ லீனியர் ஆம்ப்ளிஃபையருக்குக் கொள்ளளவுக்கு மேல் ஓட்டம் கொடுக்கிறார். மைக் கெயினைக் குறைக்கச் சொன்னால் போதும்.

பிரித்தறிய ஒரு நல்ல சோதனை உண்டு. இடம் மாறிப் பாருங்கள். எச்எஃப்பில், அதாவது தொலைதூரம் போகும் சிற்றலையில், எந்த அறிவிப்பும் செய்யாமல், முன்கூட்டியே தொலைபேசியில் பேசி வைத்துக்கொண்டு 5 கிலோஹெர்ட்ஸ் நகருங்கள். பழுதுபட்ட பவர் சப்ளை உங்கள் பின்னாலேயே வராது. ஆள் வருவார். அரை நிமிடத்துக்குள் அதே கேரியர் புதிய இடத்தில் வந்து உட்கார்ந்தால், அந்த நேரத்தை விநாடி சுத்தமாக எழுதிவையுங்கள். நோக்கத்தைக் காட்ட அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. ரிப்பீட்டரில் நகர முடியாது என்பதால் வேறொன்றைக் கவனிக்க வேண்டும்: குறிப்பிட்ட ஓர் அழைப்புக்குறி பேசும்போது மட்டும் தொடங்கி, அவர் முடித்ததும் முடிகிறதா? நான்கைந்து நாள் பதிவில் இது மீண்டும் மீண்டும் வந்தால் தற்செயல் என்று சொல்ல யாராலும் முடியாது.

இங்கே நம் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். 97.101(பி) எந்த அலைவரிசையும் எந்த நிலையத்துக்கும் தனியுரிமையாக ஒதுக்கப்படாது என்கிறது. இருபது வருடமாக ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் நடக்கும் நெட்டுக்கும் இது பொருந்தும். ஏற்கெனவே இருவர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில், "எங்கள் நேரம் வந்துவிட்டது" என்று நெட்டைத் தொடங்குகிறவர்தான் அங்கே விதியை மீறுகிறார். அரிய நாடு ஒன்றிலிருந்து ஒலிபரப்பு நடக்கும்போது, தவறுதலாக அந்த நிலையத்தின் சொந்த அலைவரிசையிலேயே (அது கேட்பது அதற்குச் சற்று மேலே) அழைத்துவிட்ட ஒருவரைத் திருத்துவதாக நினைத்து "அப், அப்" என்று பத்துப் பேர் கத்துவதும் அப்படித்தான். அழைத்தவர் ஒருமுறை இரண்டு விநாடி கெடுத்தார். திருத்த வந்தவர்கள் இரண்டு நிமிடம் கெடுத்தார்கள். அவர்களில் ஒருவர்கூடத் தன் அழைப்புக்குறியைச் சொல்லியிருக்க மாட்டார்.

ரிவர்ஸ் பொத்தான்

ரிப்பீட்டர் தொல்லையில் எல்லாம் திரும்பும் இடம் ஒன்று உண்டென்றால் அது கையடக்க ரேடியோவில் இருக்கும் ஒரு சின்னப் பொத்தான்தான். உதாரணத்துக்கு, ரிப்பீட்டர் ஒலிபரப்பும் அலைவரிசையான அவுட்புட் 145.700 மெகாஹெர்ட்ஸ், அது நம்மைக் கேட்கும் அலைவரிசையான இன்புட் அதற்கு 600 கிலோஹெர்ட்ஸ் கீழே 145.100 என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் கேட்பது 145.700-ஐ. அது மலையுச்சியிலிருந்து வருகிறது. தொல்லைக்காரர் எங்கிருந்தாலும் உங்கள் எஸ் மீட்டர் மலையின் வலுவைத்தான் காட்டும், திசைகாட்டும் ஆன்டெனாவும் மலையைத்தான் காட்டும். அவர் ஒளிந்திருப்பது இந்த மலைக்குப் பின்னால்தான். ஊர் முழுக்க அவர் குரல் ஒரே வலுவில் கேட்பதால், அவர் எல்லா இடத்திலும் இருப்பதுபோலத் தோன்றுகிறது. பாதி பயமும் முக்கால் எரிச்சலும் அதனால் வருகிறது.

ரிவர்ஸை அழுத்தினால் ரேடியோ 145.100-ஐக் கேட்கத் தொடங்கும். கூடவே டோன் ஸ்கெல்ச்சை (குறிப்பிட்ட டோன் வந்தால்தான் ஒலியைத் திறக்கும் பூட்டை) அணைத்து, இரைச்சலை அடைக்கும் சாதாரண ஸ்கெல்ச்சை இரைச்சல் லேசாகக் கேட்கும் அளவுக்குத் திறந்து வையுங்கள். இப்போது உங்கள் காதில் விழுவது தொல்லைக்காரரின் ஆன்டெனாவிலிருந்து நேராக வருவது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் கேட்காது, அதுவும் தகவல்தான். பன்னிரண்டு பேர் இன்புட்டைக் கேட்டு, மூன்று பேருக்கு மட்டும் கேட்டால், ஒரு மாவட்டம் அளவுக்கு இருந்த சந்தேகம் சில தெருக்கள் அளவுக்குச் சுருங்கத் தொடங்கிவிட்டது. அந்த மூவரின் எஸ் மீட்டர் அளவையும், கேட்காதவர்களின் இடத்தையும் ஒரே வரைபடத்தில் குறியுங்கள். கேட்காத புள்ளிகள்தான் எல்லையை வரைகின்றன. பல இடங்களில் ரிசீவர் வைத்து நல்லதைத் தேர்ந்தெடுக்கும் வோட்டர் அமைப்பு உங்கள் ரிப்பீட்டரில் இருந்தால் வேலை இன்னும் சுலபம்; எந்த ரிசீவர் தேர்வானது என்ற பதிவே திசையைச் சொல்லிவிடும்.

இந்த இடத்தில்தான் பல குழுக்கள் காரியத்தைக் கெடுத்துக்கொள்கின்றன. "எனக்கு இன்புட்டில் கேட்கிறது!" என்று மகிழ்ச்சியில் ரிப்பீட்டரிலேயே சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர் சக்தியைக் குறைப்பார், இடத்தை மாற்றுவார், அல்லது இரண்டு மாதம் காணாமல் போவார். இன்புட் பற்றிய பேச்சு முழுவதும் தொலைபேசியில்தான் நடக்க வேண்டும். ரிப்பீட்டரில் வழக்கமான உரையாடல் ஓடட்டும். சிறு சிறு பேச்சாகவும், நடுவில் ஐந்தாறு விநாடி இடைவெளி விட்டும் ஓடட்டும். அந்த இடைவெளிகளில் அவர் வருவார், அப்போது யாரும் பிடிடியைத் தொடக் கூடாது.

ரிப்பீட்டரின் பொறுப்பாளருக்கு இதில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. கட்டுப்பாட்டுக் குறியீட்டை அழுத்திப் பத்து நிமிடம் ரிப்பீட்டரை அணைக்க அவருக்கு முழு உரிமை உண்டு. எஃப்சிசி விதி 97.205(இ) குறிப்பிட்ட பயனாளர்களுக்கு மட்டும் ரிப்பீட்டரைத் திறந்துவைப்பதையும் அனுமதிக்கிறது, ஆகவே ஒருவரிடம் "இனி இதைப் பயன்படுத்தாதீர்கள்" என்று எழுத்தில் சொல்லவும் முடியும். ஆனால் அணைத்தால் ஆளும் ஒலிபரப்பை நிறுத்திவிடுவார், அளக்க எதுவும் இருக்காது. அவசரச் செய்திப் போக்குவரத்து இருந்தால் யோசிக்காமல் அணைக்கலாம், மாற்று அலைவரிசைக்குப் போகலாம். இல்லாவிட்டால் ஒரு வாரம் தாங்கிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. ரிப்பீட்டரைத் திறக்கும் டோனை 88.5 ஹெர்ட்ஸிலிருந்து வேறொன்றுக்கு மாற்றுவதால் ஒரு பயனும் இல்லை. டோனை ஸ்கேன் செய்யும் வசதி மலிவான ரேடியோவிலும் இருக்கிறது. நான்கு நாள் கழித்து அவர் திரும்பி வந்துவிடுவார், பழைய உறுப்பினர்கள் பாதிப் பேர்தான் புது டோன் தெரியாமல் வெளியே நிற்பார்கள்.

அளவு நாடாவும் காந்த ஊசியும்

இன்புட்டில் கேட்கும் பகுதி தெரிந்த பிறகு திசை பார்க்கலாம். இதற்கு இரும்பு அளவு நாடாவால் செய்த மூன்று உறுப்பு யாகி என்னும் திசை ஆன்டெனாவைவிடச் சிறந்த கருவி இல்லை. ஒரு அங்குல அகல நாடாவில் ரிஃப்ளெக்டர் 105.1 செ.மீ., டைரக்டர் 89.2 செ.மீ., டிரிவன் எலிமென்ட் (கேபிள் இணையும் உறுப்பு) தலா 45.1 செ.மீ. உள்ள இரண்டு துண்டுகள், நடுவில் 2.5 செ.மீ. இடைவெளி. ரிஃப்ளெக்டரிலிருந்து டிரிவன் 20.3 செ.மீ., அங்கிருந்து டைரக்டர் 31.8 செ.மீ. அரை அங்குல பிவிசி குழாயே தண்டு. டிரிவனின் இரு துண்டுகளுக்கும் குறுக்கே 12.7 செ.மீ. கம்பியை யு வடிவில் வளைத்துப் பற்றவைத்தால் 50 ஓமுக்குப் பொருந்திவிடும். நாடாவின் பெயின்ட்டை உப்புத்தாளால் நன்றாகச் சுரண்டாமல் ஈயம் பிடிக்காது. பலருக்கும் தோல்வி வருவது இங்கேதான். முனைகளை வளைவாக வெட்டி டேப் ஒட்டுங்கள், கத்திபோல் கிழிக்கும். இந்த அளவுகள் முன்பக்க வலுவைவிட, பின்பக்கம் கேட்காமல் இருப்பதற்காக அமைந்தவை. திசை தேடுகிறவருக்கு வேண்டியதும் அதுதான்.

காந்த ஊசியை ஆன்டெனாவின் மேல் வைத்துப் பார்க்காதீர்கள், நாடா இரும்பு. ஆன்டெனா காட்டும் திசையில் தொலைவில் ஒரு கோபுரத்தையோ மரத்தையோ பிடித்துக்கொண்டு, ஆன்டெனாவைக் கீழே வைத்துவிட்டு, நாலடி தள்ளி நின்று ஊசியைப் பாருங்கள். ஊசி காட்டும் வடக்குக்கும் வரைபடத்தின் வடக்குக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டியோ கழித்தோ எழுதுங்கள். ஒரு குழுவில் பாதிப் பேர் அதைத் திருத்தியும் மீதிப் பேர் திருத்தாமலும் அனுப்பினால் கோடுகள் எங்கேயும் சந்திக்காது.

கையால் பிடித்துப் பார்க்கும் திசையில் பத்து டிகிரி பிசகு சாதாரணம். 10 கிலோமீட்டர் தொலைவில் அது பக்கத்துக்கு 1.76 கிலோமீட்டர், அதாவது மூன்றரை கிலோமீட்டர் அகலப் பட்டை. ஆகவே முதல் நாள் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியை வீடு என்று நினைக்காதீர்கள். இரண்டு கோடுகளும் செங்குத்துக்கு அருகில் வெட்டிக்கொள்ளும்படி இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரே பக்கத்திலிருந்து எடுத்த கோடுகள் நீளமான ஊசிபோல ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும். கட்டடங்களுக்கு நடுவே நின்றால் பிரதிபலிப்புத்தான் கிடைக்கும். உயரமான, திறந்த இடம் வேண்டும். ஐந்தடி நகர்ந்ததும் திசை முப்பது டிகிரி தாவினால் அந்த அளவை அடித்துவிடுங்கள்.

நெருங்க நெருங்க வேறு சிக்கல். எந்தப் பக்கம் திருப்பினாலும் மீட்டர் முழுதாக நிற்கும். அப்போது 5 அல்லது 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி டியூன் செய்யுங்கள். மூன்றாம் ஹார்மோனிக்கையும் (மூன்று மடங்கு அலைவரிசையில் கசியும் சிக்னலையும்) கேட்கலாம், 145.100-க்கு அது 435.300, மிகப் பலவீனமானது, ஆகவே அருகில் மட்டும்தான் கேட்கும். நிரந்தரத் தீர்வு ஆஃப்செட் அட்டெனுவேட்டர்: 4 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர், ஒரு டையோடு, ஒரு பொட்டென்ஷியோமீட்டர், 9 வோல்ட் பேட்டரி, 5 வோல்ட் ரெகுலேட்டர். டையோடில் கலந்த சிக்னல் 149.100-இல் கேட்கும், பொட்டென்ஷியோமீட்டரைத் திருப்பித் தேவையான அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். ஒன்றும் இல்லாதபோது ரேடியோவை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து மெல்லச் சுற்றுங்கள். சிக்னல் மிகவும் இறங்கும் திசையில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது அந்த ஆன்டெனா.

தெருவோடு நின்றுவிடுங்கள். கதவைத் தட்டக் கூடாது. அதற்கு அச்சம் மட்டும் காரணமல்ல. பக்கத்து வீடாக இருக்கலாம். சரியான வீடாகவே இருந்தாலும், நிலையத்தைச் சோதிக்கக் கேட்கும் அதிகாரம் அரசு அதிகாரிக்குத்தான் உண்டு. நீங்கள் போய் வந்த மறுநாள் அங்கே ஆன்டெனாவே இருக்காது. அவர்மேல் பதிலுக்கு ஒலிபரப்பி அமுக்குவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், 97.101(டி) உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. "இது யார் என்று எங்களுக்குத் தெரியும்" என்று அழைப்புக்குறியோடு ஒலிபரப்புவதும் ஆபத்து. அழைப்புக்குறியைத் திருடிப் பயன்படுத்துவது தொல்லைக்காரர்களின் பழைய வழக்கம்.

எச்எஃப்பில் தனி ஆள் திசை பார்ப்பது இதைவிடக் கடினம். இணையத்தில் திறந்திருக்கும் கிவிஎஸ்டிஆர் போன்ற ரிசீவர்கள் ஜிபிஎஸ் நேரத்தோடு பதிவு செய்வதால், மூன்று நான்கு இடங்களுக்கு ஒரே சிக்னல் வந்துசேரும் நேர வேறுபாட்டைக் கணக்கிடலாம். ஒரு மைக்ரோவிநாடிக்கு 300 மீட்டர். பேச்சு இருந்தால் ஓரளவு நன்றாக வரும். மாறாத வெறும் கேரியரில் ஒப்பிட அடையாளமே இல்லாததால் ஒன்றும் கிடைக்காது. தொடங்கும், நிற்கும் விளிம்புகளைப் பிடித்தால் கொஞ்சம் உதவும். இதில் கிடைப்பது எந்த வட்டாரம் என்பதுதான். அதற்கு மேல் மேரிலாந்தின் கொலம்பியாவில் எஃப்சிசி வைத்திருக்கும் எச்எஃப் திசைகாணும் மையம் போன்ற நிறுவனங்களின் வேலை.

காகிதம் பேச வேண்டும்

அமெரிக்க அனுபவத்தைச் சொல்வது பயன்படும், ஏனென்றால் அங்கே தன்னார்வலர்களின் எல்லை சட்டத்திலேயே வரையப்பட்டிருக்கிறது. 1982இல் வந்த சட்டத் திருத்தம் அமெச்சூர் தன்னார்வலர்களைக் கண்காணிப்புக்குப் பயன்படுத்த எஃப்சிசிக்கு அனுமதி தந்தது. 2015இல் தன் 24 கள அலுவலகங்களில் 11-ஐ மூட எஃப்சிசி முடிவு செய்த பிறகு அந்த உதவியின் தேவை கூடியது. 2019இல் அமெரிக்க ஹாம்களின் சங்கமான ஏஆர்ஆர்எல் அமைப்போடு புதிய ஒப்பந்தம் ஏற்பட்டு, பழைய அஃபிஷியல் அப்சர்வர் முறை முடிவுக்கு வந்து, வாலன்டியர் மானிட்டர் திட்டம் 2020இல் தொடங்கியது. இவர்கள் கேட்கலாம், பதியலாம், அறிவுறுத்தலாம், தண்டிக்க முடியாது. நன்றாக இயக்குகிறவர்களுக்குப் பாராட்டுக் கடிதமும் இந்தத் திட்டத்திலிருந்து போகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

நடவடிக்கை ஏணியில் முதல் படி பெரும்பாலும் எச்சரிக்கைக் கடிதம்தான், பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதவர்களுக்கு மறுதேர்வு, உரிமத்தைப் புதுப்பிக்கும்போது தடை, பிறகு அபராதம். இடையூறுக்கு அடிப்படைத் தொகை 7,000 டாலர், உரிமமின்றி ஒலிபரப்புவதற்கு 10,000 டாலர். சூழ்நிலை மோசமானால் இவை ஏறும். 2021 ஜூலையில் ஐடஹோ மாநிலத்தின் எல்க் ரிவர் அருகே காட்டுத் தீயை அணைத்துக்கொண்டிருந்தவர்களின் அலைவரிசையில் உரிமம் பெற்ற ஓர் அமெச்சூர் குறுக்கிட்டார். தீயணைப்பவர்களுக்குத் தகவல் தரத்தான் பேசியதாக அவர் சொன்னார். 2022இல் எஃப்சிசி அவருக்கு 34,000 டாலர் அபராதம் முன்மொழிந்தது. உதவும் எண்ணம் இருந்ததால் மற்றவர்களின் அலைவரிசை நம்முடையதாகிவிடாது.

அந்த ஏணியில் ஒரு வழக்கு ஏற வேண்டுமானால் நம் பதிவு தனியே நிற்க வேண்டும். யுடிசி என்னும் உலகப் பொது நேரம், கணினியின் கடிகாரத்தை இணைய நேரத்தோடு சரிபார்த்த பிறகு. அலைவரிசை, எஸ்எஸ்பியில் (எச்எஃப்பின் வழக்கமான பேச்சு முறையில்) 100 ஹெர்ட்ஸ் துல்லியத்தோடு. எந்த முறை, எவ்வளவு வலு, எந்தத் திசை, எந்த ரிசீவர், எந்த ஆன்டெனா, எங்கிருந்து. சொன்ன சொற்கள் சொன்னபடியே, வசவானாலும் மாற்றாமல். ஒலிக்கோப்பை வெட்டாமல், இரைச்சல் நீக்காமல் வைத்து, பதிவான அன்றே அதன் எஸ்எச்ஏ-256 மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற எண்ணை) குறித்துவிடுங்கள்; பிற்பாடு யாரும் அதைத் திருத்தியதாகச் சொல்ல முடியாது. முடிந்தால் ஐக்யூ பதிவாகவே, அதாவது ஒலியாக மாற்றும் முன் உள்ள சிக்னலாகவே, வையுங்கள். பிடிடி அழுத்திய கணத்தில் அலைவரிசை நிலைபெறும் விதம் ரேடியோவுக்கு ரேடியோ வேறுபடும், ஐந்து நாள் தொல்லையும் ஒரே பெட்டியிலிருந்து வந்ததா என்று பார்க்க உதவும். அது துணைச் சான்று மட்டுமே, அதை வைத்து ஆளைச் சொல்லிவிட முடியாது. "இது இன்னார்" என்ற வரி உங்கள் குறிப்பேட்டில் எங்கும் இருக்கக் கூடாது. கேட்டதை மட்டும் எழுதுங்கள்.

இருவர் தனித்தனியே எழுதிய குறிப்பு, ஒருவர் எழுதி இருபது பேர் கையெழுத்திட்டதைவிடக் கனமானது. ஒருவருடையதை மற்றவர் பார்த்துத் திருத்திக்கொள்ளாதீர்கள். நேரம் மூன்று விநாடி வேறுபட்டால் வேறுபட்டபடியே போகட்டும்.

இன்னொன்று விடுபட்டுப்போகும், அதனால் சொல்கிறேன். தொல்லை வராத நாட்களையும் எழுதுங்கள். தேதி, கேட்கத் தொடங்கிய நேரம், முடித்த நேரம், கேட்டது: ஒன்றுமில்லை. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருகிறது, இரவு ஒன்பதரைக்குப் பிறகு வருவதில்லை என்று அந்த வெறும் வரிகளிலிருந்துதான் தெரியவரும். அதிகாரி தன் வண்டியை எந்த நாள், எந்த மணிக்கு எடுக்க வேண்டும் என்பதை அவை சொல்லும்.